வெளிறிய நிறம், தூக்கலான புளிப்பு: குளிர்ப் பகுதி ரெட் ஒயின் ஏன் அப்படி இருக்கிறது?

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவருக்கு ஒரு பாட்டில் பினோ நுவார் (அதே பெயருள்ள திராட்சை ரகத்தின் ரெட் ஒயின்) கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "குளிர்ப் பகுதியில் விளைந்தது, தரமே தனி" என்று சொன்னாராம். திறந்து ஊற்றினால், கிளாஸுக்கு அந்தப் பக்கம் பிடித்த விரல் தெரிகிற அளவுக்கு வெளிறிய சிவப்பு. வாயில் வைத்தால் புளிப்பு. வழக்கமாகக் குடிக்கும் கறுத்த, கனத்த ஷிராஸ் எங்கே, இது எங்கே என்று ஏமாந்துபோய்க் கேட்கிறார்: இது கெட்டுப்போன ஒயினா? குளிர்ப் பகுதி என்றாலே உயர்ந்தது என்பது உண்மையா? இவை எங்கெல்லாம் விளைகின்றன? அப்படியென்றால் கொடைக்கானலில் ஏன் போடக் கூடாது?

பார்க்க நான்கு கேள்வி. ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 'குளிர்ப் பகுதி' என்ற அடையாளம் பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி ஏதாவது உருப்படியாகச் சொல்கிறதா, இல்லை விற்பதற்காகச் சொல்லும் பெருமையா? சொல்கிறது என்பதே என் பதில். ஆனால் உங்கள் உறவினர் நினைக்கிற மாதிரி அல்ல. நான் அடிலெய்டில் திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் படித்துவிட்டு, மெல்பர்னுக்குப் பக்கத்தில் யாரா பள்ளத்தாக்கில் ஒயின் கூடத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். பினோவும் ஷிராஸும் கையோடு பழகியவை. ஐரோப்பியப் பகுதிகளில் பலவற்றைக் குடித்தும் படித்தும்தான் தெரியும். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கெட்டுப்போனதா என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூக்கில் நெயில் பாலிஷ் நெடியோ காடி நெடியோ அடித்தால் குறை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்து பழ மணமே இல்லாமல் போயிருந்தால் கார்க் வழியாக வந்த குறை. இளம் ஒயினாக இருந்தும் ஓரம் பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிள் கறுத்துப்போன வாடை வந்தால் காற்று புகுந்திருக்கிறது. இவை எதுவும் இல்லாமல் வெளிறிய நிறமும் புளிப்பும் மட்டும் என்றால் ஒயின் நன்றாகத்தான் இருக்கிறது. கார்க்கின் அடியிலோ பாட்டிலின் அடியிலோ சின்னப் படிகங்கள் ஒட்டியிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒயினில் உள்ள டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து படிந்த உப்பு அது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

நிறத்தைப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் பரவலாக இருக்கிறது. குளிரில் விளைந்ததால் நிறம் ஏறவில்லை என்பார்கள். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. பினோ நுவார் பிறவியிலேயே வெளிறிய ரகம். மெல்லிய தோல், அதில் நிறமி குறைவு. மற்ற கறுப்புத் திராட்சைகளில் நிறமியை நிலைத்து நிற்க வைக்கும் ஒரு வகை ஆந்தோசயனின் (தோலின் சிவப்பு, ஊதா நிறமி) பினோவில் இல்லவே இல்லை. எவ்வளவு வெயிலில் வளர்த்தாலும் அது ஷிராஸ் ஆகாது. மாறாக, காய் பச்சையிலிருந்து நிறம் மாறும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தோலில் நிறமி உருவாவது மந்தமாகிறது, உருவானதும் சிதைகிறது. மிதமான வெப்பம்தான் நிறத்துக்கு நல்லது. பிரான்ஸின் வடக்கு ரோன் பகுதியில் எர்மிட்டாஜ், கோத்-ரோத்தி என்ற சரிவுகளின் சிராவைப் பாருங்கள். சிரா என்பது ஷிராஸின் பிரெஞ்சுப் பெயர். ஆஸ்திரேலியாவின் பரோசாவைவிடக் குளிர்ந்த இடம், ஆனால் ஒயின் நல்ல கருஞ்சிவப்பு. ஆகவே நிறத்தை வைத்துக் குளிரைக் கணிக்க முடியாது. நிறம் பெரும்பாலும் ரகத்தின் கதை.

புளிப்பு அப்படி அல்ல. அது நிஜமாகவே குளிரின் கதை. திராட்சைக் காயில் முக்கியமாக இரண்டு அமிலம். ஒன்று டார்டாரிக், நம் ஊர்ப் புளியில் இருக்கும் அதே அமிலம். இன்னொன்று மாலிக், ஆப்பிளில் இருப்பது. காய் நிறம் மாறிய பிறகு பழம் மாலிக் அமிலத்தைத் தன் சுவாசத்துக்கு எரித்துக்கொள்ளத் தொடங்குகிறது. வெப்பம் கூடக் கூட எரிக்கும் வேகமும் கூடும். டார்டாரிக்கைப் பழம் பெரிதாகத் தொடுவதில்லை. அதனால் சூடான பகுதியில் பறிக்கும் நேரத்துக்கு மாலிக் பெரும்பகுதி காலி, குளிர்ந்த பகுதியில் நிறைய மிச்சம். ஆனால் கதை இங்கே முடியவில்லை. ஏறக்குறைய எல்லா ரெட் ஒயினிலும் நொதித்தல் முடிந்ததும் பாக்டீரியாக்கள் மாலிக்கை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். அப்படி மாற்றியும் புளிப்பு தெரிகிறது என்றால், ஆரம்பத்திலேயே மொத்த அமிலம் அதிகம், pH குறைவு என்று பொருள். அந்தக் குறைந்த pH நிறத்தையும் தொடுகிறது. அமிலம் கூடினால் அதே நிறமி பளிச்சென்ற சிவப்பாகத் தெரியும், அமிலம் குறைந்தால் ஊதா கலந்து மங்கும். உங்கள் கிளாஸில் பார்த்த அந்தத் தெளிவான சிவப்புக்கு ஒரு காரணம் இதுவும்தான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சர்க்கரை. பழரசத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். 13 சதவீத ஒயினுக்கு சுமார் 220 கிராம், 15 சதவீதத்துக்கு 255 கிராம். சர்க்கரை ஏறுவது, அமிலம் இறங்குவது, தோலும் விதையும் முதிர்ந்து துவர்ப்பு பதமாவது, இந்த மூன்றும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. வெயில் கொளுத்தும் இடத்தில் சர்க்கரை முந்திக்கொண்டு ஓடும். விதை முதிரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் சர்க்கரை 15 சதவீதக் கணக்கைத் தொட்டுவிடும், அமிலம் தரைக்கு வந்துவிடும். பிறகு கூடத்தில் டார்டாரிக் அமில மூட்டையைப் பிரித்துக் கொட்டிச் சரிக்கட்டுவோம். ஆஸ்திரேலியாவில் சட்டப்படி அனுமதி உண்டு, எல்லோரும் செய்கிறதுதான். குளிர்ந்த இடத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுவதால் மற்ற இரண்டுக்கும் அவகாசம் கிடைக்கிறது. 12.5, 13 சதவீதத்திலேயே மணமும் துவர்ப்பும் ஓரளவு கைகூடி, புளிப்பும் மிச்சம் இருக்கும். குளிர்ப் பகுதி ஒயினின் குணம் என்று சொல்வதில் பாதி இந்த ஒரு விஷயம்தான்.

மார்ச் மாதத்தில் காலையில் வரிசைக்கு வரிசை நடந்து பழம் பொறுக்குவது எங்கள் வேலை. ஒரு கொத்தில் தோளிலிருந்து ஒன்று, நுனியிலிருந்து ஒன்று, நிழல் பக்கம் ஒன்று. வாயில் போட்டுச் சாற்றை விழுங்கிவிட்டுத் தோலைக் கடைவாயில் வைத்து மெல்லுவோம். பச்சைத் துவர்ப்பாகப் பல்லைப் பிடித்தால் இன்னும் நாள் இருக்கிறது. விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்ப்போம். பச்சையும் மஞ்சளுமாக, கடித்தால் நைந்துபோனால் முதிரவில்லை. பழுப்பாகி, 'கடக்'கென்று உடைந்து, வறுத்த கொட்டை வாசம் வந்தால் நேரம் நெருங்கிவிட்டது. கருவி காட்டும் சர்க்கரை அளவைவிட இந்த மெல்லுதலை நான் நம்புவேன். குளிர்ந்த வருடத்தில் கருவி 'இன்னும் கொஞ்சம்' என்று காட்டும்போதே விதை தயாராகிவிடும். வெயில் வருடத்தில் கருவி 'பறி' என்று கத்தும், விதையோ பச்சையாகவே இருக்கும்.

இனி மணம். குளிர்ப் பகுதி ஷிராஸில் மிளகு வாசம் வரும் என்று சொல்வார்கள். கேட்பவர்களுக்கு இது ஒயின்காரர்கள் அடித்துவிடும் கதை போலத் தோன்றும். இல்லை, நேரடியான உண்மை. 2008-ல் அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அந்த வாசத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ரோட்டண்டோன். நம் மிளகுக்கு மிளகு வாசம் தருவதும் அதே மூலக்கூறுதான். அதற்குப் பல வருடம் முன்பே அதைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? கோரைக்கிழங்கிலிருந்து. வயலில் களையாகப் பிடுங்கிப் போடுகிற, நாட்டு மருந்துக் கடையில் விற்கிற அதே கோரை. ரெட் ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்தச் சோதனையில் இன்னொன்றும் வெளியானது. கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, தண்ணீரில் 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தும் எந்த வாசமும் தெரியவில்லை. எங்கள் கூடத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஒரே கிளாஸை முகர்ந்துவிட்டு ஒருவர் "மிளகு ரசம்" என்பார், பக்கத்தில் நிற்பவர் "என்ன மிளகு?" என்று விழிப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆகவே ஒயின் பற்றி யாராவது வர்ணித்தது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் நாக்கைச் சந்தேகிக்காதீர்கள். இந்த ரோட்டண்டோன் குளிர்ந்த இடத்தில், குளிர்ந்த வருடத்தில், நிழல்பட்ட கொத்தில் கூடுகிறது. விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் பகுதி ஷிராஸ் அதற்குப் பேர்போனது. பரோசாவின் சூடான தரையில் விளைந்ததில் பெரும்பாலும் தேடத்தான் வேண்டும்.

எல்லா ரகத்திலும் மிளகு வராது. போர்தோ குடும்பத்து ரகங்களான கேபர்நே சாவிஞோன், கேபர்நே ஃப்ரான், மெர்லோ ஆகியவற்றில் குளிர் வேறு ஒன்றை விட்டுவைக்கிறது. மெத்தாக்ஸிபைரசின் என்ற பொருள். நறுக்கிய குடைமிளகாய் வாசம் அதுதான். காயில் இயல்பாகவே இருப்பது, பழுக்கப் பழுக்கக் குறையும். கொத்தின் மேல் வெயில் பட்டால் இன்னும் குறையும். பிரான்ஸின் லுவார் பகுதியின் ஷினோன், பூர்கேய் ஊர்களின் கேபர்நே ஃப்ரானில் கொஞ்சம் இலை வாசம், பென்சில் சீவிய வாசம் இருந்தால் அது அழகு. அளவு மீறினால் பச்சைக் காயைக் கடித்த மாதிரி ஆகிவிடும். சொல்ல வந்தது இதுதான்: குளிர் தன்னால் நல்லது செய்வதில்லை. பழுத்தும் பழுக்காத எல்லையில் திராட்சையை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. அந்த எல்லையில் இந்தப் பக்கம் விழுந்தால் அருமை, அந்தப் பக்கம் விழுந்தால் மெலிந்த, புளித்த, பச்சை வாடை அடிக்கிற ஒயின். உங்களுக்குக் கிடைத்த பாட்டில் இரண்டில் எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரு வழி சொல்கிறேன். புளிப்போடு செர்ரி, ராஸ்பெர்ரி மாதிரி பழ மணமும் வந்து, விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மணம் நின்றால் அது பழுத்த பழம். புளிப்பு மட்டும் நின்று மணம் உடனே காணாமல் போனால் பழுக்காதது. லேபிளில் எவ்வளவு குளிர் எழுதியிருந்தாலும் சரி.

சரி, 'குளிர்' என்பதை எப்படி அளக்கிறார்கள்? 1944-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அமெரின், விங்க்லர் என்ற இருவர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கொடி 10 டிகிரிக்குக் கீழே வளராது. அதனால் தினசரிச் சராசரி வெப்பத்தில் 10-ஐக் கழித்து, (பூமியின் வடபாதியில்) ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 1,390-க்குள் இருந்தால் முதல் வகை, மிகக் குளிர்ந்த பகுதி. பிற்பாடு கிரெகரி ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வளரும் பருவத்தின் சராசரி வெப்பத்தை மட்டும் எடுத்து எளிமையாக வகைப்படுத்தினார். 13 முதல் 15 டிகிரி குளிர், 15 முதல் 17 நடுத்தரம், 17 முதல் 19 வெதுவெதுப்பு, அதற்கு மேல் சூடு. பினோ நுவார் நன்றாக வருவது ஏறத்தாழ 14-க்கும் 16-க்கும் இடையில். இரண்டு டிகிரி இடைவெளிதான். கேபர்நே சாவிஞோனை அதே இடத்தில் நட்டால் பழுக்காமலே இலையுதிர்காலம் வந்துவிடும். அதனால் குளிர் என்பது இடத்தை மட்டும் பொறுத்ததல்ல, நட்ட ரகத்தையும் பொறுத்தது. தென் ஆஸ்திரேலியாவின் கூனவாரா பினோவுக்கு ஏற்ற இடமல்ல, ஆனால் கேபர்நேக்கு அது குளிர்ந்த பகுதி. வடமேற்கு இத்தாலியில் நெபியோலோ அக்டோபரில்தான் பறிபடும். வெப்பக் கணக்கில் அந்த ஊர் அவ்வளவு குளிர் இல்லை, ஆனால் நெபியோலோ தாமதமாகப் பழுக்கும் ரகம் என்பதால் கடைசி வாரங்கள் மூடுபனிக்குள் போய்விடுகின்றன. அதனால் அதன் புளிப்பும் துவர்ப்பும் மணமும் குளிர்ப் பகுதி ஒயினுக்கு உரியவை.

எங்கே விளைகிறது என்ற கேள்விக்கு ஊர்ப் பட்டியல் கொடுப்பதைவிட, ஓர் இடத்துக்குக் குளிர்ச்சி எப்படி வருகிறது என்று பார்ப்பது பயன். முதலாவது அட்சரேகை. பினோவுக்குப் பேர்போன பிரான்ஸின் பர்கண்டி பகுதியின் நடுவில் இருக்கும் போன் நகரம் வடக்கே 47 டிகிரியில் இருக்கிறது. ஜூனில் பகல் 16 மணி நேரத்தை நெருங்கும். வெயில் கொளுத்தாது, ஆனால் நெடுநேரம் இருக்கும். கோத் தோர் என்ற சுமார் 50 கிலோமீட்டர் நீளச் சரிவு கிழக்கு பார்த்து நிற்கிறது. காலை வெயில் அதன் மேல்தான் முதலில் விழும். அதிலும் சரிவின் நடுப்பகுதி நிலத்துக்குத்தான் உச்ச மதிப்பு. மேலே போனால் குளிர், கீழே போனால் ஈரமும் உறைபனியும். சிஸ்டர்சியன் துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் இதைப் பார்த்துப் பார்த்துப் பாத்தி பிரித்திருக்கிறார்கள். 1395-ல் பர்கண்டியின் கோமகன் பிலிப், நிறையக் காய்க்கிற காமே ரகத்தைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். காமே தெற்கே போஜொலேயில் கருங்கல் மண்ணில் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. பர்கண்டிக்கும் வடக்கே ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு 50 டிகிரியைத் தாண்டி இருக்கிறது. அங்கே கற்பலகைச் சரிவுகள் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வதால்தான் பினோ பழுக்கிறது. கிழக்கே ஆஸ்திரியாவின் பர்கன்லாந்தில் பிளாஃப்ரான்கிஷ் என்ற ரகம் இருக்கிறது. பினோவின் புளிப்பும் ஷிராஸின் மிளகும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருக்கும். அதிகம் பேசப்படாதது, எனக்குப் பிடித்தது.

அமெரிக்காவில் 45 டிகிரியில் ஒரிகானின் வில்லமெட் பள்ளத்தாக்கு. 1960-களில் டேவிட் லெட் என்பவர் அங்கே பினோ நட்டபோது மழையில் அழுகிவிடும் என்று சொன்னார்களாம். 1979-ல் பாரிஸில் பெயரை மறைத்து நடத்திய சுவைப் போட்டியில் அவருடைய 1975 பினோ முன்வரிசைக்கு வந்தது. போன் நகரத்து ஒயின் வணிகர் ரொபேர் ட்ரூயன் நம்பாமல் 1980-ல் மறுபோட்டி வைத்தார். லெட்டின் ஒயினுக்கு இரண்டாம் இடம், முதலிடம் ட்ரூயனின் சொந்த 1959 ஷாம்போல்-மியுசினிக்கு. ட்ரூயன் குடும்பம் 1987-ல் ஒரிகானிலேயே நிலம் வாங்கிவிட்டது. ஒரு போட்டியாளர் தரக்கூடிய பாராட்டு வேறென்ன இருக்கிறது. தெற்கே அதே 45 டிகிரியில் நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோ. தங்க வேட்டைக் காலத்தில், 1860-களிலேயே ஒரு பிரெஞ்சுக்காரர் கொடி நட்ட இடம், ஆனால் கடைக்கு பினோ வந்தது 1980-களின் கடைசியில்தான். மலைகளுக்கு நடுவே வறண்ட பகுதி. கோடைப் பகலில் 30-ஐத் தொடும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். அங்கே பினோ கறுப்பு செர்ரி மாதிரி கொஞ்சம் கனமாகவே இருக்கும்.

இரண்டாவது வழி கடல். கலிபோர்னியாவின் சாண்டா ரீட்டா மலைப்பகுதி 34 டிகிரி சொச்சம், மொரோக்கோவின் ரபாத் நகரமும் ஏறத்தாழ அந்தக் கோட்டில்தான். அட்சரேகைப்படி சூடாக இருக்க வேண்டும். ஆனால் பசிபிக்கின் குளிர்ந்த நீரோட்டத்திலிருந்து மூடுபனியும் காற்றும் உள்ளே வருகின்றன. மற்ற மலைத்தொடர்கள் வடக்கு தெற்காக நின்று கடலை மறைக்கின்றன, இங்கே மட்டும் அவை கிழக்கு மேற்காகப் படுத்து வழி விடுகின்றன. சோனோமா கடற்கரைக்கும் இதே பனிதான். சிலியின் லெய்டா, காசாபிளாங்கா பள்ளத்தாக்குகளுக்கு ஹம்போல்ட் நீரோட்டம். தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ் அருகே ஹெமல்-என்-ஆர்டேக்குத் தெற்கிலிருந்து வரும் கடல் காற்று. எங்கள் பக்கம் மார்னிங்டன் தீபகற்பம் மூன்று பக்கமும் கடல், டாஸ்மேனியா சுற்றிலும் கடல். மூன்றாவது வழி உயரம். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். அர்ஜென்டினாவின் ஊக்கோ பள்ளத்தாக்கில் ஆயிரம் மீட்டருக்கு மேலும், சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவில் ஆயிரம் மீட்டர் வரையும் கொடிகள் இருக்கின்றன. எங்கள் யாராவிலேயே பள்ளத்தாக்கின் அடித்தரைக்கும் மேல் யாராவுக்கும் அறுவடையில் வாரக்கணக்கில் வித்தியாசம் வரும். ஒரே பெயரில் விற்கிற இரண்டு பாட்டிலில் ஒன்று சதைப்பிடிப்பாகவும் மற்றது ஒல்லியாகவும் இருப்பது அதனால்தான்.

இதுவரை சொன்னதில் அமிலம், சர்க்கரை, மிளகு, குடைமிளகாய் எல்லாம் அளந்து பார்த்து நிலைநாட்டியவை. இனி சந்தேகத்துக்குரியவை. சுண்ணாம்புப் பாறையின் சுவை, கருங்கல்லின் சுவை ஒயினில் வருகிறது என்பார்கள். கொடி வேர் பாறையை உறிஞ்சிக் கிளாஸில் கொண்டுவந்து வைப்பதில்லை. ஒயினில் உள்ள தாது உப்புகளின் அளவு நாக்குக்குத் தெரியும் எல்லைக்குப் பெரும்பாலும் கீழேதான். பர்கண்டி சுண்ணாம்பு, ஒட்டாகோ ஷிஸ்ட் பாறை, ஒரிகான் எரிமலை மண், மூன்றிலும் சிறந்த பினோ வருகிறது. மண்ணின் பங்கு தண்ணீரை எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு விடுகிறது என்பதில் பெரிதும் இருக்கிறது என்பதே என் கட்சி. மண்ணுக்கும் சுவைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. பக்கத்துப் பக்கத்துப் பாத்தி ஒயின்கள் வேறுபடுவதைக் குடித்திருக்கிறேன், காரணத்தை யாரும் முழுதாக நிரூபிக்கவில்லை. இரண்டாவது, பகல் இரவு வெப்ப வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பேச்சு. ஒட்டாகோவில் அந்த வித்தியாசம் பெரியது, கடலோர மார்னிங்டனில் சிறியது. இரண்டுமே நல்ல பினோ தருகின்றன. ஆக அது உதவலாம், கட்டாயமில்லை. மூன்றாவது, குளிர்ப் பகுதி என்றால் உயர்ந்தது. இது அறிவியல் அல்ல, காலத்தின் ருசி. இருபது, முப்பது வருடம் முன்பு இதே ஆஸ்திரேலியாவில் கனத்த, 15 சதவீத ஷிராஸுக்குத்தான் பாராட்டும் விலையும். அன்று கேலி செய்யப்பட்ட மெலிவு இன்று நேர்த்தி எனப்படுகிறது. நல்ல பரோசா ஷிராஸ் நல்ல ஒயின்தான்.

விலை கூடுவதற்குத் தரம் மட்டும் காரணமில்லை, ஆபத்தும் காரணம். துளிர் விட்ட பிறகு ஓர் இரவு உறைபனி இறங்கினால் அந்த வருட விளைச்சல் போச்சு. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்க அப்படி நடந்தது. பர்கண்டியில் இரவெல்லாம் வரிசைகளுக்கு நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்தும் நிறையப் பேருக்குப் பெரும்பகுதி போனது. ஒட்டாகோவில் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுவார்கள். பூக்கும்போது மழை பெய்தால் பிஞ்சு பிடிக்காது. பறிக்கும் முன் மழை பெய்தால் கொத்து உள்ளுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். பழுக்காத வருடங்களில் சர்க்கரை போட்டு நொதிக்க வைப்பதும் பழைய வழக்கம். நெப்போலியன் காலத்து அமைச்சர் ஷப்தால் 1801-ல் அதை எழுதிப் பரப்பினார், பிரான்ஸில் இன்றும் வரம்புக்குட்பட்டு அனுமதி உண்டு.

அந்தப் பழுக்காத வருடங்கள் இப்போது குறைந்து வருகின்றன. போன் நகரத்தில் அறுவடை தொடங்கிய தேதிகள் 1354 முதல் கிடைக்கின்றன. 1987 வரை சராசரி செப்டம்பர் 28. 1988-க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முன்னதாக வந்துவிட்டது. 2003-லும் 2020-லும் ஆகஸ்டிலேயே பறித்தார்கள். விக்டோரியாவின் பிரவுன் பிரதர்ஸ் நிறுவனம் 2010-ல் டாஸ்மேனியாவில் டேமர் ரிட்ஜ் தோட்டத்தை வாங்கியபோது, வெப்பமாதலையும் ஒரு காரணமாக வெளிப்படையாகச் சொன்னது. தெற்கு இங்கிலாந்தில் நுரைக்கும் ஒயினுக்கு மட்டும் பயன்பட்ட பினோவிலிருந்து இப்போது ரெட் ஒயினே வருகிறது. எங்கள் கூடத்திலும் பினோவை முன்பு மார்ச்சில் பறித்த பாத்திகளில் இப்போது பிப்ரவரி கடைசியிலேயே கத்தரிக்கோலோடு நிற்கிற வருடங்கள் உண்டு. உங்கள் பாட்டிலின் விளைச்சல் வருடத்தைப் பாருங்கள். அதே தோட்டத்தின் வெயில் வருட பினோ உங்களுக்குப் பிடித்திருக்கக்கூடும்.

கொடைக்கானலுக்கு வருகிறேன். குளிர் இருக்கிறதே, போதாதா? போதாது. சொல்லப்போனால் கோடைக்குக் குளிர் அதிகம். போன் நகரத்தில் ஜூலை மாதச் சராசரி 20 டிகிரியைத் தொடும், பகலில் 26, 27 வரை போகும். கொடைக்கானலில் மே மாதத்தில்கூடச் சராசரி 17-ஐ ஒட்டித்தான். குளிர்ப் பகுதி ஒயினுக்கு வேண்டியது வருடம் பூராவும் ஒரே சீரான குளிர் அல்ல. கொடி தூங்குவதற்கு நிஜமான குளிர்காலம், துளிர்க்க வசந்தம், பழம் திரள நீண்ட பகலோடு ஓரளவு வெயில், பழுக்கிற கடைசி வாரங்களில் மட்டும் இறங்குகிற குளிர். பத்து டிகிரி அட்சரேகையில் எவ்வளவு உயரம் ஏறினாலும் அந்தப் பருவச் சுழற்சி கிடைக்காது, பகலும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். போதாததற்கு இரண்டு பருவமழையும் மஞ்சும். சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் விடாது. கீழே கம்பத்தில் பன்னீர் திராட்சை ஏன் வருடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை தருகிறது என்று யோசியுங்கள். அங்கே கொடி தூங்குவதே இல்லை, கவாத்து செய்துதான் அதைப் புதிதாகத் துளிர்க்க வைக்கிறார்கள். பழமாகச் சாப்பிட அருமையான ரகம், சுடச்சுட வளர்வது, அதன் கணக்கே வேறு. நாசிக்கில் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டிருக்கிறார்கள். மழை முடிந்ததும் கவாத்து செய்து, குளிர்ந்த இரவுகள் உள்ள மாதங்களில் பழுக்கவைத்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறித்துவிடுகிறார்கள். அதிலும் ஷிராஸ் வருகிற அளவுக்கு பினோ ஒத்துவருவதில்லை.

கடைசியாக, மிச்சம் இருக்கிற ஒயினைக் கொட்டிவிடாதீர்கள். நீங்கள் அதை வீட்டுச் சூட்டில் குடித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சென்னையின் 30 டிகிரியில் பினோவைத் திறந்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறி, பழ மணத்தை அமுக்கி, புளிப்பை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்க வைக்கும். இந்த வகைக்கு 14 முதல் 16 டிகிரி சரி. ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, கிளாஸில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, சாப்பாட்டோடு குடித்துப் பாருங்கள். காரத்தைக் குறைத்துச் செய்த மிளகுக் கோழியோ காளான் வறுவலோ பொருந்தும். மிளகாய்க் காரம் அதிகமானால் எந்த ரெட் ஒயினும் எரியும், ஆல்கஹால் கூடினது இன்னும் எரியும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை உறவினரிடம் பினோ வேண்டாம், கிராம்பியன்ஸ் ஷிராஸ் கொண்டுவாருங்கள் என்று சொல்லுங்கள். நிறமும் கனமும் உங்களுக்குப் பழகியது, குளிரின் மிளகும் அதில் கிடைக்கும். உங்கள் மூக்கு அந்த ஐந்தில் ஒன்றாக இல்லாவிட்டால்.